பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போகட்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



வாழ்த்திவிட்டு உட்காருவது சுலபம். ஆனால் இத்தனை பெற்றோர் ஒன்றாகக் கூடுவது ஆண்டுக்கு ஒரு நாள்தானே! அதனால் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டப் பள்ளி எப்படி வந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அவர்களும் வைத்தார்கள். வேலைக்கு ஆள் நிலைத்து நிற்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. கட்டடம் தோட்டத்தினுடையது; மண்ணும் தோட்டத்தினுடையது. பின்னாளில் வந்த தொல்லைக்கு அதுதான் வேர்.

நாடு விடுதலை பெற்ற 1957இல் தமிழ்ப் பள்ளிகள் 888. இன்றோ 530க்கும் சற்றுக் குறைவு. ஆனால் அன்று படித்த பிள்ளைகளைவிட இன்று படிக்கும் பிள்ளைகள் அதிகம்! இது எப்படி? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடுகள் கட்ட நிலம் விற்கப்பட்டது. நம் ஜனங்கள் பட்டணம் போய்விட்டார்கள். பள்ளிகள் பல தோட்டத்திலேயே நின்றுவிட்டன.

விளைவு என்ன? இன்று பாதிக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் 150 பிள்ளைகள்கூட இல்லை. முப்பதுக்குக் கீழே போனால் கூட்டு வகுப்பு. ஓர் ஆசிரியர், ஒரே அறை, இரண்டு வகுப்புப் பாடம். அவரும் மனிதர்தானே? அதே நேரத்தில், பட்டணத்துத் தாமானில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை.

"தாத்தா படிச்ச பள்ளிக்கூடம், அதை எடுக்க விடமாட்டோம்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பாசம் நியாயமானது. ஆனால் பள்ளி என்பது சுவரா, பிள்ளைகளா? சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா நகரம் இருக்கிறது. தோட்டம் போயிற்று; பள்ளி அதே தோட்டத்துப் பெயரோடு அங்கே நடக்கிறது. எபிங்ஹாம் தோட்டத்தின் பெயர் பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெயராக வாழ்கிறது. இடம் மாறினால் பெயர் அழிந்துவிடாது. பிள்ளைகள் இல்லாமல் போனால்தான் அழியும்.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. புதுக் கட்டடம் எழும்பும்முன் பழைய பள்ளியை விட்டுக் கொடுக்காதீர்கள். நிலம் பள்ளிக்கென்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை நாளைக்கு நிற்காது. தோட்டத்திலேயே தங்கும் பிள்ளைகளுக்குப் பஸ் வசதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

பெற்றோர்களே, இதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். சுற்றுவட்டாரத் தாமான்களில் ஆறு வயதுக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுங்கள். பெயர்ப் பட்டியலோடு போய்க் கேட்பதற்கும் வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வருகைப் பதிவேடுதான் இந்தப் பள்ளியின் உயிர். மழை பெய்தாலும் சரி, ஒரு நாளும் மட்டம் போடாதீர்கள். பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. அடுத்த ஆண்டு வாங்கப்போகிறவர்களுக்கு என் வாழ்த்து.