மாறிவரும் சமுதாயமும் சமூகப் பணிக் கல்வியும்
(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)

   

சமூகப் பணி இன்று கல்லூரியில் பட்டம் பெற்றுச் செய்யும் தொழிலாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் அப்பட்டம் பெற்றுள்ளனர். மகிழ்ச்சியே. ஆயினும், அக்கல்வி யாருடைய கண்கொண்டு சேரியைப் பார்க்கப் பழக்குகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இந்நாட்டின் முதல் சமூகப் பணிக் கல்லூரி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மன்ஷார்ட் என்னும் அமெரிக்கர். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாடமுறை பெரிதும் அமெரிக்காவிலிருந்து வந்தது. துன்பத்தில் இருப்பவரைத் தனியாளாக ஆராய்ந்து, தேற்றி, அவரைச் சூழலோடு இணங்கச் செய்வது அதன் முதன்மையான வழி. சூழலே சாதியாக இருக்கும்போது எதனோடு இணங்குவது?

இக்கேள்வி புதிதன்று. அந்தக் கல்லூரி தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1932 நவம்பர் 14 அன்று, மூன்றாம் வட்டமேசை மாநாட்டிற்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த அண்ணல் அம்பேத்கர் இதனை எழுப்பினார். தீண்டாமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு எழுதிய மடலில் அவர் இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார். மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனிமனிதனைத் திருத்துவது ஒன்று. அவனைத் தாழ்த்தி வைத்திருக்கும் சூழலை மாற்றுவது மற்றொன்று. கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, பள்ளியில் சேரும் உரிமை, சாவடியில் அமரும் உரிமை ஆகியவற்றிற்காகப் போராடுவதே முதற்பணி என்றார். ஊழியர்களையும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோரிலிருந்தே எடுக்க வேண்டும் என்றார். அம்மடல் கிடைத்ததென்று ஒரு வரிகூட வரவில்லை என்பதைப் பின்னாளில் அவரே பதிந்துள்ளார்.

பல ஆண்டுகளுக்கு முன் களப்பயிற்சிக்காக நம் பகுதிக்கு ஒரு மாணவர் வந்தார். நல்ல பிள்ளை, முதியோருக்கு மருந்தும் வாங்கித் தந்தார். அவருடைய அறிக்கையைப் படித்தபோது நாம் வாயடைத்துப் போனோம். சேரியில் எத்தனை பேர் குடிக்கின்றனர் என்பது அதில் இருந்தது. பிணத்தை வயல் வரப்பில் தூக்கிச் செல்கிறோமே, பொதுப்பாதை மறுக்கப்பட்டிருக்கிறதே, அது இல்லை. அவரைக் குறை கூறோம். கேட்கக் கற்றுத் தந்த கேள்விகளையே அவர் கேட்டார்.

இன்றோ சேரியே நகரெங்கும் சிதறிக் கிடக்கிறது. வாடகை வீடு கேட்டால் ஊரின் பெயரை விசாரிக்கின்றனர். கழிவுநீர்க் குழியில் இறங்கியவர் இறந்தால், ஒப்பந்தக்காரர் யாரென்றே தெரிவதில்லை. விதவைக்கு ஆறுதல் சொல்லப் பயின்றவர் வருகிறார். அவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து இலட்சமாக வகுத்ததும், 2023இல் முப்பது இலட்சமாக உயர்த்தியதும் அவருக்குத் தெரியுமா? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி முறையிட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் படி உடனே தரப்பட வேண்டும். 2015இல் திருத்தப்பட்டபின், அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். இவற்றைக் காவல் நிலைய மேசைமுன் நின்று கேட்கத் துணிவதும் களப்பயிற்சியன்றோ?

ஆகவே கல்லூரிகளிடம் நாம் வேண்டுவது இது: மாணவரை வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அனுப்புங்கள். நிலப்பதிவேட்டைப் படித்துப் பஞ்சமி நிலம் யார் கையில் உள்ளதெனக் காணப் பழக்குங்கள். வழக்காடித் தழும்பேறிய நம் முதியோரையும் களப் பயிற்றுநராக ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டமில்லை என்று தள்ள வேண்டா.

பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கணக்கெடுப்புத் தாளை நிரப்பிக் கொடுத்து ஊதியம் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். நம் படிப்பகத்தில் வரும் மாதம் முதல் சனிக்கிழமை மாலைகளில் இச்சட்டங்களைத் தமிழில் படித்து, மனு எழுதிப் பழக இருக்கிறோம். சேர விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.