ஹார்ட் வேற, ஹார்ட்லி வேற

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கொல்லிமலையில எடப்புளி நாடு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, தலைச்சுத்தல் நிக்கிறதுக்குள்ள சித்தப்பா பொண்ணு ஒரு பேப்பரோட வந்துட்டா. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பக் கடிதம். "அண்ணா, ஒருதடவை பாத்துக் குடு. நாளைக்கு அனுப்பணும்."

அதுல ஒரு வரி: 'ஐ வொர்க்டு ஹார்ட்லி.' கஷ்டப்பட்டு உழைச்சேன்னு சொல்ல வந்திருக்கா. ஆனா 'ஹார்ட்லி'ன்னா 'அநேகமா இல்லவே இல்லை'. வேலைக்கு எடுக்கறவங்க கண்ணுல இது எப்படிப் படும்?

எனக்குச் சிரிப்பு வரல. என் முதல் இன்டர்வியூல நானும் இதையேதான் சொன்னேன். எதிர்ல இருந்தவங்க ஏன் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

தப்பு எங்கிருந்து வருது? தமிழ்ல வினையடை செய்யறது சுலபம். வேகம், வேகமாக. அழகு, அழகாக. அந்த 'ஆக'வுக்குப் பதில் 'லி'ன்னு மனசுல பதிஞ்சிடுது. 'குயிக்லி'க்கு அது சரி. ஆனா ஹார்ட், ஃபாஸ்ட் ரெண்டும் வால் இல்லாமலே வினையடை. 'ஃபாஸ்ட்லி'ன்னு ஒரு சொல்லே கிடையாது. 'லேட்'ன்னா தாமதமா, 'லேட்லி'ன்னா சமீப காலமா. இன்னொரு பக்கம் 'ஃப்ரெண்ட்லி' வாலோட இருந்தும் பெயரடை!

வகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வேண்டாம். அன்னிக்கு மிளகு பறிக்க ஏணி ஏறின மாமாவைப் பாத்து அம்மா ஒரு சத்தம் போட்டாங்க: "இன்னைக்கு அங்க ரொம்ப மேல ஏறாத, மெதுவா பறி, அடிக்கடி கீழ பாரு!" இன்னைக்குங்கறது காலம். அங்க, மேல, கீழ எல்லாம் இடம். மெதுவாங்கறது விதம், அடிக்கடிங்கறது எத்தனை தடவை. ரொம்பங்கறது அளவு, அது வினையைக்கூடத் தொடல, 'மேல'ங்கற இன்னொரு வினையடையைப் பிடிச்சுக்குது.

தமிழ்ல இதெல்லாம் பெரும்பாலும் வினைக்கு முன்னாடியே உக்காரும். ஆங்கிலத்துல ஆளுக்கொரு சீட்டு. 'ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' தப்பு, 'வெல்' கடைசிக்குப் போகணும். 'ஆல்வேஸ்' வினைக்கு முன்னாடி வரும், ஆனா 'ஐ ஆம் ஆல்வேஸ் ரெடி'ல 'ஆம்'முக்குப் பின்னாடி. நம்ம ஆளுங்க தடுமாறுறது வகையில இல்ல, இந்த இடத்துலதான்னு நான் நினைக்கிறேன்.

"அப்ப 'ஹார்ட்'னு மாத்தினா போதுமாண்ணா?"

"போதும். ஆனா நீ என்னதான் பண்ணின?"

"வாரத்துக்கு நாலு நைட் டியூட்டி. ஒரு வார்டுக்கு நான் ஒருத்திதான்."

வினையடையையே அடிச்சுட்டு, அதை அப்படியே எழுத வெச்சேன். மறுநாள் காலையில செம்மேடு போய் அனுப்பிட்டு வந்தா.