அவையும் அரங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

எழுத்தாளரும் கலைஞரும் அவையினரோடு நேரில் உரையாடித் தம் கலையையும் நிகழ்த்திக் காட்டும் மாலைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். பள்ளியிறுதி வகுப்போடு நமது படிப்பு நின்றது. ரயில்வே குமாஸ்தாவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்திருக்கிறோம். ஆதலின் புலமையின் பெயரால் பேசும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் விசாரணைச் சாளரத்தின் பின்னே அமர்ந்து பழகியவர்க்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். வண்டியின் நேரம் பலகையில் எழுதியிருக்கிறது. ஒலிபெருக்கியும் அதையே சொல்லுகிறது. இருந்தும் மக்கள் சாளரத்தண்டை வந்து, ஒரு மனிதரைக் கேட்டு, அவர் வாயால் விடை பெற்ற பின்னரே நிம்மதியாக நகர்கிறார்கள். கேளாமல் வந்த செய்தியைவிடக் கேட்டுப் பெற்ற செய்தியே மனத்தில் தங்குகிறது. கலைக்கும் இது பொருந்தும் என்பதே இன்று நாம் கூற வந்த கருத்து.

இது புதிய கருத்தன்று. நம் முன்னோர் நூல் அரங்கேற்றம் என்று எதைக் கூறினார்கள்? இன்று அரங்கேற்றம் என்றால் பட்டாடையும் பூமாலையும் புகைப்படமும் நினைவுக்கு வருகின்றன. அன்று அது ஒரு தேர்வு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் தெரிவிக்கின்றது. அதங்கோட்டாசான் குற்றம் காட்டக் காட்ட, நூல் செய்தவர் அவற்றுக்கெல்லாம் விடை கூறினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கூறுகிறார். அஃதாவது, கேள்வி கேட்க ஓர் அவை இருந்தால்தான் அரங்கு முழுமை பெறும் என்று நம்மவர் கருதினர்.

இவ்வழக்கம் அண்மைக் காலம் வரை வாழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் (1815–1876) தலபுராணங்களைப் பாடி, அந்தந்த ஊர்க் கோயிலிலேயே நாள்தோறும் சிறிது சிறிதாக அரங்கேற்றுவார்கள். திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியபோது செய்யுட்களைப் படிக்கும் பேறு தமக்குக் கிடைத்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவர் படிப்பார், ஆசிரியர் பொருள் விரிப்பார், ஊரார் கேட்பார்கள். எழுத்தறியாத உழவரும் அங்கே தம் ஊரின் பெருமையைக் கவிஞரின் வாயாலேயே கேட்டார்கள்.

இனி, நாம் வந்து குடியேறிய இம்மண்ணுக்கும் நமக்கும் உள்ள ஓர் உறவைச் சொல்லுதல் வேண்டும். பேச்சும் பாட்டும் கலந்து நடக்கும் கதாகாலட்சேபத்தை நாம் தஞ்சைச் சொத்து என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டார்கள். அதனால் மராட்டியக் கீர்த்தனக்காரர்களின் கலை அங்கே வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அக்கலையைக் கர்நாடக இசையோடு இணைத்துத் தமிழ்நாட்டுக்கு உரியதாக ஆக்கினார். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று பாகவதர்கள் பாடும் மெட்டுகள் யாவும் மராட்டியத்திலிருந்து வந்தவையே. பின்னர் நம்மவர் வேலை தேடி ரயிலேறினார்கள். சென்னை ரயில் பாதையும் பம்பாய் ரயில் பாதையும் 1871இல் ராய்ச்சூரில் வந்து சேர்ந்தன. அப்பாதை வழியே வந்தவர்களோடு கதாகாலட்சேபமும் மாதுங்காவுக்கு வந்தது. தாய்வீட்டிலிருந்து புகுந்த வீடு சென்ற பெண், பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்பியதைப் போன்றது அது. மராட்டிய நண்பர்கள் நம் விழாவுக்கு வரும்போது அவர்களை அயலார் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. புனே நகரில் நீதிபதி ரானடே முதலிய பெரியோர்கள் 1875இல் தொடங்கிய வசந்த வியாக்கியான மாலை என்னும் சொற்பொழிவுத் தொடர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. அறிஞர் பேச்சைக் கேட்பதற்கென்றே கோடை மாலைகளை ஒதுக்கி வைத்த மக்கள் அவர்கள்.

நம்மவரும் சளைத்தவர் அல்லர். 1952இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ ஷண்முகானந்த நுண்கலை மற்றும் சங்கீத சபையார், கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகே எழுப்பிய பேரரங்கம் 1963இல் திறக்கப்பெற்றது. 1990இல் தீ விபத்து அதைச் சிதைத்தது. சபையார் தளராது உழைத்து, 1998இல் மீண்டும் அதைத் திறந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அவ்வரங்கில், கடைசி வரிசையில் அமர்ந்து மாபெரும் வித்துவான்களைக் கேட்ட இரவுகளை மறக்க இயலாது. ஆனால் பேரரங்கத்தின் இயல்பு வேறு. அங்கே நாம் கேட்டு மகிழலாம், கை தட்டலாம், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க இயலாது. அதற்குச் சிறிய கூடமும், கலைஞரின் முகம் தெரியும் தொலைவும் வேண்டும்.

அத்தகைய முயற்சி ஒன்றை இம்மாநகரில் செய்து காட்டியவர் நம் தமிழ் எழுத்தாளரே என்பது நமக்குப் பெருமை. அம்பை என்னும் புனைபெயரில் எழுதும் டாக்டர் சி. எஸ். லக்ஷ்மி அவர்கள், நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகிய அறிஞர்களோடு சேர்ந்து 1988இல் 'ஸ்பாரோ' என்னும் மகளிர் ஆவணக் காப்பகத்தை மும்பையில் நிறுவினார்கள். இசைப் பெண்மணிகளையும் நடனக் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்து வந்து, எதிரே அவையினரை அமர்த்தி, அவர்தம் வாழ்வை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, ஒலியாகவும் படமாகவும் பதிந்து வைத்தார்கள். இசைக் கலைஞரோடு நிகழ்ந்த உரையாடல்கள் 2000ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளிவந்தன. யாரிடம் கற்றாய், வீட்டார் தடுத்தார்களா, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எப்போது சாதகம் செய்தாய் என்ற கேள்விகளுக்குக் கச்சேரி மேடையில் இடமில்லை. உரையாடலில் இடம் உண்டு. பாட்டின் பின்னால் உள்ள பாடு அங்கே வெளிப்படுகிறது. அம்பை அவர்கட்கு 2021ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது மும்பைத் தமிழர் மகிழ்ந்தோம்.

அவ்வாறே 1972இல் பிழைப்புக்காக இந்நகர் வந்த நாஞ்சில் நாடன் அவர்கள் இங்கிருந்தபடியே எழுத்தாளரானார். 1977இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. 2010இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். நம்மோடு புறநகர் வண்டியில் நெருக்குண்டு நின்ற ஒருவர் நாவலாசிரியர் ஆகக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் எவ்வாறு அறிவார்கள்? புத்தகத்தின் அட்டையைப் பார்த்தா? அவர்களுள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தாளரை எதிரே அமர்த்தி, "நீங்கள் எந்த நிலையத்தில் ஏறி எந்த நிலையத்தில் இறங்கினீர்கள்?" என்று கேட்கச் செய்தால் அறிவார்கள்.

இவ்வெண்ணத்தோடுதான் சென்ற ஆண்டு நாம் செம்பூரில் ஒரு சிறு கூடத்தில் இத்தகைய மாலை ஒன்றை நடத்தினோம். மெல்லிசைக் குழுவை அழைத்தால் கூட்டம் சேரும், நன்கொடையும் சேரும் என்று சிலர் கூறியது தவறன்று. ஆயினும் சிறுகதை எழுதுபவர் ஒருவர், வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவர், தாராவியில் வாழும் பறையிசைக் கலைஞர் ஒருவர் என மூவரை அழைத்தோம். அம்மாலையில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் நம் கடமை.

மேடையில் இரண்டே நாற்காலிகள் இருந்தன. அவற்றைப் போட்டவர்கள் நாமே. பறையிசைக் கலைஞரை வாயிலில் விருந்தினரை வரவேற்க முழக்கச் சொல்லி, பின்னர் மேடைக்கும் அழைத்தோம். ஆனால் அவர் அமர்வார் என்று நமக்குத் தோன்றவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை; வேண்டுமென்று செய்யாததுதான் பெருங்குற்றம். எத்தனை தலைமுறையாக அவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்த பழக்கம், நம் கைகளில் நமக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவர் பறையைத் தோளில் மாட்டியபடி மேடையின் ஓரத்தில் நின்றார். பத்து நிமிடங்கள் கழிந்தன. அப்போது அவையின் பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, கேள்வி கேட்கலாம் என்றீர்களே, ஒன்று கேட்கிறேன். நிற்கிறவர் விருந்தாளி இல்லையா?" என்றார்.

கூடம் அமைதியாயிற்று. நாம் தலை குனிந்து, மூன்றாவது நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக் கலைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "இத்தனை ஆண்டு அடித்திருக்கிறேன், உட்கார வைத்து இதைப் பற்றிக் கேட்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார்.

பிறகுதான் அந்த மாலை உண்மையில் தொடங்கியது. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் ஒரு சிறுமி, பறையை ஏன் தீயில் காட்டுகிறீர்கள் என்று கேட்டாள். காற்றின் ஈரத்தால் தோல் தளரும், சூடு காட்டினால் இறுகிக் குரல் திறக்கும் என்று அவர் விளக்கினார். திருநெல்வேலி வெயிலில் ஒரு முறை காய்ச்சினால் போதும். மும்பை மழைக்காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் நெருப்பைத் தேட வேண்டும் என்றார். ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் பிடித்து, ஒவ்வொன்றும் எழுப்பும் ஒலியைத் தனித்தனியே காட்டி, பின் இரண்டையும் சேர்த்து முழக்கினார். வாய்ப்பாட்டு ஆசிரியை தாமாகவே கையால் தாளமிட்டு, அது எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது என்று அவரைக் கேட்டார். எண்ணிக்கை தமக்குத் தெரியாது, கால் அறியும் என்றார் அவர். எழுந்து அடவு வைத்துக் காட்டியபோது அம்மையார் எண்ணிக்கொண்டே வந்து வியந்தார். மாதுங்காவும் தாராவியும் அடுத்தடுத்த ஊர்கள். நடந்தே செல்லலாம். அந்தத் தொலைவைக் கடக்க நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. கடக்க வைத்தது ஒரு கேள்வி.

ஆகவே பெரியோர்களே, சங்கத்தார் முன் நமது வேண்டுகோள்கள் சில. ஆண்டுதோறும் ஒரு மாலையையேனும் உரையாடலுக்கென ஒதுக்குதல் வேண்டும். மூன்று விருந்தினருக்கு மேல் வேண்டா. நிகழ்ச்சி நேரத்தில் பாதி கேள்விகளுக்கு உரியதாகட்டும். வரவேற்புரையும் பொன்னாடையும் நேரத்தை விழுங்கிவிடுதல் கூடாது. எழுந்து பேசக் கூசுவோர் தம் கேள்வியை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் துண்டுத் தாளில் எழுதித் தரட்டும். முதல் கேள்வி பிள்ளைகளுடையதாகட்டும். அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து சங்க நூலகத்தில் வைத்தல் வேண்டும்; முதிய கலைஞர்கள் எப்போதும் இருப்பவர்கள் அல்லர். கல்யாணுக்கும் பன்வேலுக்கும் திரும்ப வேண்டியவர்களின் வண்டி நேரத்தைக் கருதி, ஒன்பது மணிக்குள் முடித்தல் நலம். இது குமாஸ்தாவின் யோசனை. எல்லாவற்றிற்கும் மேலாக, எத்தனை கலைஞரோ அத்தனை நாற்காலி முன்கூட்டியே மேடையில் இருத்தல் வேண்டும்.

பெருஞ்செலவு இதற்கு இல்லை. மெல்லிசைக் கச்சேரியும் நடக்கட்டும்; நாமும் கேட்டு மகிழ்வோம். ஆனால் ஊரை விட்டு வந்த நமக்கு, நம் மொழியில் ஒருவர் கேட்க மற்றொருவர் விடை சொல்லும் இடம் குறைந்து வருகிறது. வீட்டில் பிள்ளைகள் வேறு மொழியில் கேட்கிறார்கள்; நாம் தமிழில் விடை சொல்லுகிறோம்; நாளடைவில் அவர்கள் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அக்கேள்விகள் மீண்டும் எழுவதற்கு ஓர் அவையை அமைத்துக் கொடுத்தால், தமிழ் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

 நாம் பேசி முடித்துவிட்டோம். இனி நீங்கள் கேளுங்கள். தெரிந்தவரை விடை கூறுகிறோம்.