ஆறு சக்கரமும் தரையில் நிற்க



இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பயிலும் நம் பிள்ளைகள் போட்டிக்கு ரோபோ வண்டி செய்ய விழைகின்றனர். விறைப்பான நாற்சக்கர வண்டியை மேடுபள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அதன் மோட்டார் வீணே சுழலுமேயன்றி வண்டியை இழுக்காது.

இதற்கு விடையை நிலவிலே காண்கிறோம். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 கொண்டு சென்ற பிரக்யான் ஊர்தி 26 கிலோ எடையுடையது. ஆறு சக்கரங்கள் கொண்டது. சுருள்வில் இல்லை. பக்கத்திற்கொரு பெரிய நெம்புகோல். அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம், மறுமுனையில் இரு சக்கரங்களைத் தாங்கும் சிறு நெம்புகோல். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் நெம்புகோல் சாயும். ஏனைய சக்கரங்கள் தரையை விடா. இருபுறமும் நடுவே பிணைக்கப்பட்டிருப்பதால், உடற்பகுதி அவ்விரு சாய்வுகளின் சராசரி அளவே சாயும்.

இதனை மரச்சட்டமும் போல்ட்டும் கொண்டு நாமே செய்து பார்க்கலாம். மூட்டுகளை மட்டும் இறுக முடுக்கிவிடாதீர்கள். அவை அசைய வேண்டியவை.

அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பட்டயப் படிப்பில் தொடங்கியவர். ஆகவே, பட்டறைக் கருவி நம் கைக்கு எட்டாதென எண்ணற்க. சிலர் செய்ய, மற்றவர் வேடிக்கை பார்க்கலாகாது. ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு பிள்ளையும் திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் வண்டிக்கு இழப்பு. ஒதுங்கி நிற்கும் பிள்ளை நம் சமுதாயத்திற்கு இழப்பு.