36 செல்லின் கணக்கு

அத்திபெலேயிலிருந்து பேசுகிறேன். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் செக்போஸ்ட் ஊராகத்தான் தெரியும். இங்கே இன்வெர்ட்டர், பேட்டரி பழுது பார்ப்பது என் பிழைப்பு. சின்ன சோலார் பேனலை வைத்து வீட்டிலேயே ஒரு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள்.

வீட்டில் சின்ன பேனல் இருக்கிறவர்கள் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் "12 வோல்ட் பேனல்" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார். பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலோ 18 வோல்ட் என்று இருக்கும். பக்கத்திலேயே வி.ஓ.சி. என்று போட்டு 21, 22 என்று இன்னொரு எண். இந்த வி.ஓ.சி. கப்பலோட்டியவர் இல்லை! வயர் எதுவும் மாட்டாமல் சும்மா வெயிலில் வைத்தால் பேனல் காட்டுகிற வோல்ட். என் கடைக்கு வருகிறவர்கள் மிரள்வது இந்த இடத்தில்தான். "அண்ணா, 12 வோல்ட் பேட்டரிக்கு 18 கொடுத்தா வெடிச்சிடாதா?"

வெடிக்காது. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. எனக்கு இந்தத் தொழிலிலேயே ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பேனலின் கண்ணாடிக்கு அடியில் நீலமாகவோ கறுப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அவை சிலிக்கான் செல்கள். ஒரு செல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேலை செய்யும்போது அரை வோல்ட்தான் தரும். பெரிதானால் ஆம்பியர் கூடும், வோல்ட் கூடாது. எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 36 இருக்கும். ஒன்றன் வாலை அடுத்ததன் தலையில் கோத்து சீரிஸில் போட்டால் 18 வோல்ட்.

24 போட்டாலே 12 வந்துவிடுமே, ஏன் 36? மேல்தொட்டி உயரத்தில் இருந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். கரண்டும் அப்படித்தான். முழுசாக சார்ஜ் ஆன லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும். அதை நிரப்ப 14.4 வரைக்கும் தள்ள வேண்டும். அடுத்து வெயில். ஸ்டிக்கரில் இருக்கிற 18 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. ஏப்ரல் மத்தியானம் பேனலைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உள்ளே 65 டிகிரி கூட இருக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 36 செல், 40 டிகிரி, பெருக்குங்கள். கிட்டத்தட்ட 3 வோல்ட் காலி! மிச்சம் 15. டயோடு, வயர் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு அரை வோல்ட்டைத் தின்றுவிடும். கையில் நிற்பது 14.5. நமக்கு வேண்டியது 14.4. அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லை?

இதில் எங்கள் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் குளிர்ச்சி. அதே பேனல் சித்திரை வெயிலில் வேலூரில் தருவதைவிட இங்கே அரை வோல்ட் கூடத் தரும். வேலூர் நேயர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனலுக்கு அடியில் காற்று போக நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

கல்லூரிப் பையன் ஒருவன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கையகல 6 வோல்ட் பேனல் இரண்டு வாங்கி, சீரிஸில் கோத்துக் கொண்டுவந்தான். "ரெண்டு ஆறு பன்னெண்டுதானே அண்ணா, ஏன் ஏற மாட்டேங்குது?" கணக்கு சரி, உயரம் பத்தவில்லை. மூன்றாவது பேனலைச் சேர்த்தோம், மீட்டர் முள் நகர்ந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒன்று சொல்கிறேன், எப்பாக்ஸி பூசிய இந்தக் குட்டிப் பேனல்கள் வெயிலில் மஞ்சளாகி மங்கிவிடும். பழக நல்லது, நாள்பட உழைக்க கண்ணாடி போட்ட பேனல் வாங்குங்கள்.

இன்னொரு அம்மா, "வெயில் நல்லாத்தான் அடிக்குது, மூணு மணிக்கு மேல சார்ஜ் ஏறவே இல்ல தம்பி" என்றார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் கொடியில் காய்கிற புடவையின் நிழல் பேனலின் ஓரத்தில். மூலையில்தானே என்று நினைக்கக் கூடாது. சீரிஸில் ஒரு செல் சோர்ந்தால் மொத்த வரிசையும் சோர்ந்துபோகும். கொடியை இடம் மாற்றினோம், தீர்ந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 வாட் டி.சி. பல்பு ஒன்று 4 மணி நேரம் எரிய 36 வாட் அவர் வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 84. அதில் பாதியைத்தான் எடுக்கலாம், முழுக்க வடித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இதற்கு 20 வாட் பேனல் போதும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். பேட்டரி நிரம்பினால் அடக்கும், ராத்திரியில் கரண்ட் பேனலுக்குத் திரும்ப ஓடாமல் தடுக்கும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியின் பிளஸ் பக்கம் ஒரு ஃப்யூஸ். பேனல் தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வு.

20 வாட்டில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு சேதி. பெங்களூரின் அந்தக் கோடியில், பீன்யாவில் உருவாகி 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போன ஆரியபட்டா செயற்கைக்கோளின் எடை 360 கிலோ. 26 முகத்தில் மேலும் கீழும் தவிர எல்லாவற்றிலும் சோலார் செல். பூமியின் நிழலுக்குள் போனால் கைகொடுக்க உள்ளே ஒரு பேட்டரி. கிடைத்த மின்சாரம் 46 வாட். பேனலும் பேட்டரியும் சேர்ந்த அதே ஏற்பாடுதான் உங்கள் மாடியிலும்.

நேரம் ஆகிவிட்டது. செல்லை எண்ணுங்கள், நிழலைப் பாருங்கள், கன்ட்ரோலர் இல்லாமல் தொடாதீர்கள். சின்னதாக ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு எத்தனை வோல்ட், மத்தியானம் எத்தனை என்று அவர்களே அளந்து நோட்டில் எழுதட்டும். மத்தியானம் வெயில் கூடியும் வோல்ட் ஏன் ஏறவில்லை என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.