படுக்கைப் புண்ணும் தாதியர் பணியும்



2009ஆம் ஆண்டு, இலங்கை உள்நாட்டு யுத்தத்தின் இறுதி மாதங்களில் எறிகணைச் சிதறல்களால் முள்ளந்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போன வன்னி மக்கள், வவுனியா வைத்தியசாலையிலும் பின்னர் பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலையிலும் சிகிச்சை பெற்ற காலத்தில், பட்ட காயத்துக்கு நிகராக அவர்களுடைய உயிரை அச்சுறுத்திய இன்னொரு துன்பம் படுக்கைப் புண்.

நித்திரையிலும் நாம் நம்மை அறியாமற் புரண்டு படுக்கிறோம். ஓரிடம் அழுந்தி இரத்தவோட்டம் தடைப்படும்போது எழும் வேதனையே நம்மைப் புரளச் செய்கிறது. அவ்வேதனையை உணரும் சக்தியை இழந்தவருக்கோ, நாரியடியிலும் இடுப்பின் பக்கங்களிலும் குதிக்காலிலும், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தசை சில மணி நேரத்துக்குள்ளேயே மடியத் தொடங்குகிறது. வெளியே சிறிதாகத் தோன்றும் புண் உள்ளே எலும்புவரை குடைந்து செல்வதும் உண்டு.

ஆகையால், இப்புண்ணுக்கான பராமரிப்பு புண் தோன்றுமுன்பே ஆரம்பமாக வேண்டும். இரவு விடுதியில் நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் தாதி, சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறார். அழுத்தியும் நிறம் வெளுக்கவில்லையென்றால் அதுவே முதல் அபாய அறிகுறி. கறுத்த மேனியிற் சிவப்பு எளிதிற் புலப்படாதாதலால், புறங்கையை வைத்துச் சூட்டையும், விரலால் தொட்டு இறுக்கத்தையும் அறிகிறார். அவ்விடத்தைத் தேய்த்துவிடுதல் நன்மையன்று. நைந்த தசையை அது மேலும் நைக்கும்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுச் சிகிச்சைப் பிரிவை ஆரம்பித்த வைத்தியர் லுட்விக் குட்மன், இரவு பகலாக இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டுவதையே நியதியாக்கி, அதுவரை மரணத்துக்கே உரியவர் எனக் கைவிடப்பட்டவர்களைப் பிழைக்கவைத்தார்.

புண் உண்டாகிவிட்டாலோ, மடிந்த தசையை நீக்கி, சேலைனாற் கழுவி, குழியை இறுக்காமல் நிரப்பி, மலசலம் படாமற் காத்து, முட்டை, மீன், பருப்பு முதலிய புரதவுணவால் உடலைத் தேற்ற வேண்டும்.

வீடு திரும்பியபின் இப்பொறுப்பு தாயிடமோ மனைவியிடமோ வந்துசேருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் சிறிது நேரத்துக்கொருமுறை கைகளை ஊன்றித் தம் உடலை உயர்த்தவும், கண்ணாடி கொண்டு தம் முதுகுப்புறத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளவும் பழக வேண்டும். பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுகூடி மாங்குளத்தில் அமைத்த உயிரிழை போன்ற அமைப்புகள் இப்பொறுப்பில் பெருந்துணை.

வன்னியின் ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் படுக்கைப் புண் பராமரிப்புக்கென்றே பயின்ற தாதியர் இருத்தல் வேண்டும். அவர்களுக்குப் போதிய அவகாசமும் அளித்தல் வேண்டும். பக்கம் மாற்றிப் படுக்கவைக்க ஆளில்லாத விடுதியில், எத்துணை விலையுயர்ந்த மருந்தும் இப்புண்ணை ஆற்றாது.