பழைய கணினிக்குப் புதுத் துளிர்

எங்கள் சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர்பெற்ற ஊர். 2023-ஆம் ஆண்டில் அவ்வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்குள்ள கொடிக்கால்களில் ஒரு வழக்கம் உண்டு. அகத்தியைப் பற்றி உயர ஏறிய கொடி, ஏறக்குறைய ஓராண்டில் வீரியம் குன்றும். குடியானவர் அதைப் பிடுங்கி எறிவதில்லை. கீழே இறக்கி, அடித்தண்டை மண்ணில் சுருட்டிப் புதைத்து, நுனியை மறுபடியும் கட்டிவிடுகிறார். வேர் நன்றாயிருந்தால் கொடி மீண்டும் துளிர்க்கிறது.

மேசைக் கணினியையும் இவ்வாறே நோக்க வேண்டும் என்பது என் கருத்து. பத்தாண்டு உழைத்த கணினி தளர்ந்ததும், அதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கத் தீர்மானிக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கும் சிறுகடையின் கணக்குக்கும் ஒரே கணினியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பல மாதச் சேமிப்பு. ஆனால் முதுமை எல்லா உறுப்புகளுக்கும் ஒரே சமயத்தில் வருவதில்லை.

பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். அதனுள்ளே வட்டத்தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. வேண்டிய செய்தியைத் தேடி ஒரு முனை அங்குமிங்கும் நகர்கிறது. ஒரு தேடலுக்கு ஏறத்தாழ ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு செல்லும். சிதறிக் கிடக்கும் ஆயிரம் துணுக்குகளைத் தேடினால் பத்து வினாடி போய்விடும். எஸ்.எஸ்.டி. என்னும் சாதனத்திலோ சுழலும் பகுதியே இல்லை. அதே வேலை ஒரு வினாடிக்குள் முடிகிறது. ஆகையால் முதலில் மாற்றத்தக்கது இதுவே. அடுத்தது ராம். 4 ஜி.பி. உள்ள கணினியில் அதை 8 ஆக்கினால், பல வேலைகளை ஒருங்கே செய்யும்போது மூச்சுத் திணறாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கணினிக்கு வேர் மதர்போர்டு. அது ஏற்காததை வாங்கிப் பயனில்லை. டி.டி.ஆர்.3 ராமுக்கான இடத்தில் டி.டி.ஆர்.4 ராம் பொருந்தாது. இரண்டுக்கும் வெட்டு வேறு. செயலிக்கும் அப்படியே, அது அமரும் சாக்கெட் ஒத்திருக்க வேண்டும். மதுரைக்குப் பேருந்து ஏறுமுன் மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வது நலம்.

நாளும் நேரமும் அடிக்கடி தவறினால், நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியை மாற்றினாலே பெரும்பாலும் போதும். காரணமின்றி அணைந்து அணைந்து எழுந்தால், முதலில் தூசியையும் விசிறியையும், பிறகு பவர் சப்ளையையும் பார்க்க வேண்டும். மதர்போர்டே பழுதானால் அங்கே நிறுத்திக்கொள்வதே விவேகம். அதற்குமேல் செலவிடுவது பட்ட வேருக்கு நீர் வார்ப்பதாகும்.

உறுப்பு மட்டுமன்றி இயங்குதளமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் மட்டும் கணினி குப்பையாகிவிடாது, லினக்ஸ் இருக்கிறது. தமிழில் எழுதவும் படிக்கவும் அது நன்கு உதவும்.

எதைச் செய்யுமுன்னும், புகைப்படங்களையும் கணக்குகளையும் வேறோரிடத்தில் நகல் எடுங்கள். எஸ்.எஸ்.டி.யைக் கடையில் வாங்கலாம். மறைந்த தாத்தாவின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? நகல் எடுத்தபின், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டே பெட்டியைத் திறவுங்கள்.

2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறைப்படி மறுசுழற்சியானது அதில் 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஆகவே கடைக்காரரிடம் "புதியது என்ன விலை?" என்று கேட்பதற்குமுன், "எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பணத்தையும் காக்கும், மண்ணையும் காக்கும்.